துண்டுக்குள் பேசிய கார்

முருகன் துணை

அறந்தாங்கி தாலுகா
12-3-58

சிரஞ்சீவி ரெங்கசாமிக்கு உன் அப்பா அழகுமலை ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. ஆண்டவன் புண்ணியத்தில் நான், உன் ஆத்தா, தம்பி ரத்தினவேல், போன மாதம் கன்று ஈன்ற மயிலைப்பசு எல்லோரும் இங்கே சௌக்கியம். பம்பாயில் நீயும் மருமகள் சொர்ணமும் சௌக்கியம் என்று ஒரு கார்டாவது உடனே போடவும். உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது, பதில் இல்லை என்று கோபமாக இருப்பாய், இருக்க வேண்டியதுதான். தம்பிக்கு என் கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் வேலை சொல்லி வைத்திருக்கிறேன், சித்திரை பிறக்குமுன் ரயிலேற்றி விடுங்கள், இல்லாவிட்டால் இடம் கை நழுவிப் போகும் என்று எழுதியிருந்தாய். அதற்கு இன்னது என்று சொல்லத் தெரியாமல்தான் நாளைத் தள்ளிக்கொண்டு வந்தேன். இந்த இருபது நாளும் நாங்கள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, நானும் உன் தம்பியும் கார் வாங்க அலைந்தோம். கண்ணைக் கசக்கிக்கொண்டு திரும்பப் படிக்காதே, கார்தான். புதுக் கார். புதுசு என்றால் நமக்குப் புதுசு, அதற்கு வயது பத்துக்கு மேல் இருக்கும்.

சங்கதியை முதலிலிருந்து சொல்கிறேன். உன் தம்பி புதுக்கோட்டை லாரி ஷெட்டில் நாலு வருஷம் கையில் கிரீஸோடு கிடந்தது உனக்குத் தெரியும். அறந்தாங்கி ஸ்டேஷனில் ஒரு டாக்ஸி போட்டால் ஓடும் என்று அவனுக்கு ஒரு எண்ணம். கல்யாணக்காரர்களும் நோயாளிகளும் ரயிலை விட்டு இறங்கி மாட்டு வண்டிக்கு நாயாய் அலைகிறார்கள் என்று உன் ஆத்தாவிடம் சொல்லியிருக்கிறான். என்னிடம் சொல்ல மாட்டான், அவன் பேச்சு எதுவும் ஆத்தா வயல் பாய்ந்துதான் என் வயலுக்கு வரும். இப்படி இருக்கும்போது உன் கடிதம் வந்தது. அவனே எங்களுக்குப் படித்துக் காட்டினான், மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்தான், போகிறேன் என்றும் சொல்லவில்லை, போகவில்லை என்றும் சொல்லவில்லை. மூன்று நாள் அவன் முகத்தைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இருக்கிறது ரெண்டு பிள்ளை, ஒன்று ஏற்கனவே பம்பாய், இதுவும் போய்விட்டால் நானும் உன் ஆத்தாவும் யார் முகத்தில் விழிக்கிறது. போகாதேன்னு வாயைத் தொறந்து சொன்னா என்ன, கொறைஞ்சா போயிருவீக என்று உன் ஆத்தா என்னைப் பிடித்து உலுக்கினாள். எனக்கு அந்தச் சொல் வரவில்லை. அதற்குப் பதிலாக, வாடா ஒரு கார் பார்த்துட்டு வருவோம் என்றேன். இந்த வருஷம் கடலையும் நன்றாகக் கண்டிருந்தது. வாயால் சொல்ல முடியாததைக் காரை வாங்கிக் கொடுத்துச் சொல்லிவிடலாம் என்று என் கணக்கு.

முதலில் புதுக்கோட்டை போனோம். அங்கே ஏகாம்பரம் என்று ஒரு தரகர், நாலைந்து பழைய கார்களை ஒரு கொட்டகையில் நிறுத்தி வைத்திருக்கிறார். அதில் ஒன்று நீலக் கார், ரொம்பப் பெரிசு, குளித்துவிட்டு வந்தது போல் பளபளவென்று நின்றது. உள்ளதைச் சொல்கிறேன், பார்த்ததும் எனக்கு மனசு விழுந்துவிட்டது. எனக்குக் காரைப் பற்றி என்ன தெரியும், மாட்டைப் பற்றித் தெரியும். தெரிந்ததை வைத்துத்தான் பார்த்தேன். பின்னால் நின்று நாலு காலும் சமமாக ஊன்றியிருக்கிறதா என்று பார்த்தேன். தொடைப் பக்கம் ரெண்டு தட்டுத் தட்டினேன். மாட்டுக்குச் சுழி பார்க்கிற பழக்கத்தில் கை தானாக நெற்றியைத் தடவிவிட்டது, பக்கத்தில் நின்ற டிரைவர் ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு அங்கிட்டுத் திரும்பிக்கொண்டான். ஒரு நாளைக்கு எவ்வளவு தின்னும் என்று கேட்டேன். உன் தம்பி என்னை ஒரு பார்வை பார்த்தான், நீங்க கொஞ்சம் இங்கிட்டு உக்காருங்கப்பா என்று ஒரு பெஞ்சைக் காட்டிவிட்டு, சட்டையைக் கழற்றி வைத்துக் காருக்கு அடியில் மல்லாந்து நுழைந்தான். காலில் இருந்த செருப்பு மட்டும் வெளியே தெரிந்தது.

அங்கேதான் என் கூத்து நடந்தது. பேச்சுக் கொடுத்தபோது தெரிந்தது, இந்த ஏகாம்பரம் கார் யாவாரத்துக்கு வருமுன் இருபது வருஷம் மாட்டுத் தரகராம். மணப்பாறைச் சந்தை, மதுரை மாட்டுத்தாவணி எல்லாம் அத்துப்படி. நாங்கள் ரெண்டு பேரும் எந்த ஊர்க் காளைக்கு என்ன குணம் என்று ஆரம்பித்தோம், நேரம் போனதே தெரியவில்லை. அவரும் சிரித்துக்கொண்டே தோளில் கிடந்த துண்டை எடுத்து வலது கையில் போட்டு நீட்டினார். உனக்கு ஞாபகம் இருக்கும், சந்தையில் விலையை வாயால் சொல்வது கிடையாது, துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்துத்தான் பேச்சு. பழக்கம் கொடியது, பாறையிலும் கோழி சீய்க்கும் என்பார்களே, என் கை என்னைக் கேட்காமல் துண்டுக்குள் போய்விட்டது. அவர் ஒரு விரலைப் பிடித்தார், நான் பாதியை மடக்கினேன், அவர் ஒரு இழு இழுத்தார், நான் அமுக்கினேன். முடிஞ்சது என்று துண்டை உதறித் தோளில் போட்டார். அப்போதுதான் எனக்குச் சுரீர் என்றது. வேடிக்கையாகப் பிடிக்கிறோம் என்றுதான் நான் நினைத்திருந்தேன், அவர் நிஜமாகவே நீலக் காரை என் தலையில் கட்டிவிட்டார். நான் துண்டுக்குள் கைவிட்டுப் பேசின பேச்சை முப்பது வருஷத்தில் ஒரு தடவை மாற்றினது கிடையாது. நொண்டி மாடு என்று பிறகு தெரிந்தும் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறேன், உன் ஆத்தா அதை இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள்.

அந்த நேரம் பார்த்து உன் தம்பி அடியிலிருந்து வெளியே வந்தான். முதுகெல்லாம் மண். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வேணாங்கப்பா, இது எங்கேயோ மோதி ஒடிஞ்ச வண்டி, அடிச்சட்டத்துல ரெண்டு எடத்துல ஒட்டுப் போட்டு மேல பெயின்டு அடிச்சிருக்காக, ஆளை ஏத்திக்கிட்டுக் கப்பி ரோட்டுல போனா ஒட்டு விட்டுரும் என்றான். நான் தலையைக் குனிந்துகொண்டு, கை குடுத்துட்டேனேடா என்றேன். அவன் கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். முதுகு மண்ணைத் தட்டிவிட்டான். பிறகு, சரிங்கப்பா, ஒங்க பேச்சு போகக் கூடாது, எடுத்துக்குவோம், நான் எப்படியாச்சும் பாத்துக்கிறேன் என்றான். சொல்லிக்கொண்டே சட்டையை எடுத்து மாட்டினான், பித்தானைப் போட்ட விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இந்தக் காரை வாங்கினால் இவன் ஆறு மாதம் அதோடு மல்லுக்கட்டுவான், பிறகு அதை ஷெட்டில் நிறுத்திவிட்டு உன்னிடம் வந்துவிடுவான். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லாமல் வந்துவிடுவான்.

ஒரு சோடா வாங்கிக் குடித்தேன். குடித்து முடிப்பதற்குள் ஒரு வழி தோன்றியது, ஆனால் அது தொண்டையில் இறங்குவது கஷ்டமாக இருந்தது. சந்தையில் ஒரு சட்டம் உண்டு, மாடு வாங்குகிறவன் கை வைத்தால்தான் பேச்சு, கூட வந்தவன் விரலுக்கு மதிப்பில்லை. நேரே ஏகாம்பரத்திடம் போய், தரகரே, தப்பு என்னுது, கார் வாங்குறது நான் இல்லை, இந்தா நிக்கிற என் மகன்தான், நான் பிடிச்ச விரலு செல்லாது என்றேன். கொட்டகையில் இருந்த ஏழெட்டுப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் விடவில்லை, அப்ப நீங்க யாருங்க என்று கேட்டார். நான் கூட வந்தவன் என்றேன். அந்த இடத்தில் எனக்கு முகம் எரிந்தது ரெங்கசாமி, இல்லை என்று சொல்ல மாட்டேன். சந்தையில் நான் நடந்து வந்தால் தரகர்கள் எழுந்து நின்ற காலம் உண்டு. ஏகாம்பரம் லேசுப்பட்ட ஆளில்லை, துண்டை மறுபடி கையில் போட்டு, அப்ப வாங்குறவுக கையைக் கொண்டாங்க தம்பி என்று உன் தம்பி பக்கம் நீட்டினார். அவன் ரெண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, வண்டி எனக்குப் பிடிக்கலைங்க என்றான். எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னான். இவனுக்கு இவ்வளவு குரல் உண்டு என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஏகாம்பரம் கொஞ்சம் முறைத்துவிட்டு, பிறகு அவரே சிரித்து, கூட வந்தவருக்கு ஒரு வெத்திலையாச்சும் குடுப்போம் என்று தட்டை நீட்டினார். வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

அப்புறம் அரிமளத்தில் குமரப்பன் செட்டியார் வீட்டில் ஒரு ஆஸ்டின் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனோம். அவர்கள் குடும்பத்தோடு மெட்ராஸ் போகிறார்கள், காரை வாங்க நல்ல ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். கறுப்புக் கார், மேலே ஒரு விரல் தூசி, பின் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. எனக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஆனால் நான் கூட வந்தவன்தானே, வாயைத் திறக்கவில்லை, கையை மடியை விட்டு எடுக்கவும் இல்லை. உன் தம்பி மறுபடி அடியில் போனான், மூடியைத் திறந்து காதை வைத்தான், ஹாண்டிலைப் போட்டுச் சுற்றினான். ரெண்டு தடவை இருமிவிட்டு மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. கோழி வெளியே பறந்தது, அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது பார், சின்ன வயசில் கண்மாயில் விரால் பிடித்துக்கொண்டு வந்து நிற்பானே, அதே சிரிப்பு. செட்டியாரிடம் துண்டும் இல்லை கிண்டும் இல்லை, நேருக்கு நேர் நாலு வார்த்தை பேசி முடித்துவிட்டான். செட்டியார் வீட்டு ஆச்சி நல்ல மனுஷி, அடைமுட்டைகளை ஒரு கூடையில் எடுத்து வைத்துவிட்டுச் சாவியைத் தட்டில் வைத்துக் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் உன் ஆத்தா செய்த அமர்க்களத்தைச் சொல்லி முடியாது. விளக்கு ரெண்டுக்கும் குங்குமம், முன்னால் மாலை, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். அதோடு விட்டாளா, மாட்டுக்குச் சுற்றிப் போடுகிற மாதிரி மிளகாய் சுற்றிப் போட்டாள், அதன் நெடியில் காருக்குத் தவிர எல்லோருக்கும் தும்மல். டாக்ஸி பர்மிட்டுக்கு மனுக் கொடுத்திருக்கிறான், பங்குனிக் கடைசிக்குள் வந்துவிடும் என்கிறார்கள். மற்றபடி ஊரில் மழை இல்லை, கண்மாயில் முழங்கால் தண்ணீர்தான். நீ பம்பாயில் வெயிலில் வெறும் தலையோடு திரியாதே, சொர்ணத்துக்கு வாய்க்கு ருசியாக ஏதாவது வேண்டுமென்றால் எழுதச் சொல், உன் ஆத்தா வடகம் பிழிந்து வைத்திருக்கிறாள்.

இப்போது உன் கேள்விக்குப் பதில். அரிமளத்திலிருந்து வரும் வழியில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற ஒரு ஊருணிக் கரையில் நிறுத்தினோம். அவன் வாளியோடு கீழே இறங்கினான். நான் பின் சீட்டில் இருந்தபடியே, ரத்தினம், பம்பாய்க்குப் போகாதடா, எனக்கு மனசு கேக்கலை என்றேன். எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை. அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல், இங்க இருக்கத்தானப்பா காரு பாத்தேன், அண்ணனுக்கு எழுதிப் போட்டுருங்க என்றான். ஆகவே தம்பி அங்கே வரவில்லை. அந்த இடத்தை நம் பக்கத்துப் பிள்ளை வேறு யாருக்காவது வாங்கிக் கொடு, புண்ணியமாகப் போகும்.

இதைப் படித்ததும் உன் மனசில் ஒன்று தோன்றும், தோன்றாமல் இருக்காது. தம்பியைப் போகாதே என்று சொன்னவர் என்னை ஏன் அனுப்பினார் என்று நினைப்பாய். பதினொரு வருஷத்துக்கு முன் உன்னை ரயிலேற்ற ஸ்டேஷனுக்கு வந்தேனே, நீ ஜன்னலோரம் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் ஸ்டேஷன் மாஸ்டரிடம் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டு நின்றேன். உன் பக்கம் திரும்பினால் இறங்கு என்று சொல்லிவிடுவேனோ என்று பயம், சொன்னால் உன் பிழைப்பைக் கெடுத்தவன் ஆவேனோ என்று அதைவிடப் பயம். வண்டி போன பிறகும் பேசிக்கொண்டே நின்றேன், அந்த மனுஷர்தான் என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். இத்தனை வருஷம் கழித்துச் சொல்லி என்ன ஆகப்போகிறது, உனக்கு அங்கே வேலை இருக்கிறது, குடும்பம் இருக்கிறது, நன்றாக இரு. ஆனால் உன்னையும் போகாதே என்று சொல்லத்தான் ராசா எனக்கு ஆசையாக இருந்தது. அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

நீயும் சொர்ணமும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். ஆடிக்கு லீவு கேட்டு வைக்கவும், வரும் தேதியை முன்னாலேயே எழுதவும், தம்பி ஸ்டேஷனுக்கு வண்டி கொண்டு வருவான்.

இப்படிக்கு, உன் வரவை எதிர்பார்க்கும்
அப்பா
அழகுமலை