அசையாத கட்டைவிரல்

இன்று அலுவலகத்தில் ரத்ததான முகாம். முழங்கையின் உட்புறத்தை நர்ஸ் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தார். குளிர்ச்சி பட்டது கையில். சிலிர்த்தது என் இடது கணுக்கால். உங்கள் ஞாபகம் வந்துவிட்டது, அக்கா.

முதல் நாள் உங்களை ஆன்ட்டி என்று கூப்பிட்டேன். "ஆன்ட்டி நக்கோ, வேணாம். டை அடிச்சதெல்லாம் வேஸ்ட்டாப் போயிடும். அக்கான்னு சொல்லு" என்றீர்கள். செவ்வாய்க்கிழமைதோறும் அந்த கிளினிக்கின் சாய்வு நாற்காலிகளில் பக்கத்துப் பக்கத்தில் இருப்போம். கணுக்காலுக்குச் சற்று மேலே முடிபோல் மெல்லிய ஓர் ஊசி. அதிலிருந்து ஒயர், சின்னப் பெட்டி, அரை மணி நேரம் லேசான மின்சாரம். காலிலிருந்து மேலே போகும் நரம்பும் சிறுநீர்ப்பையை அடக்கும் நரம்பும் முதுகின் அடியில் சேருமிடம் ஒன்றுதானாம். இதைத் தட்டிக்கொண்டே இருந்தால், நிறைவதற்கு முன்பே பை அவசரப்படுத்துவது அடங்கும் என்றார் டாக்டர். பன்னிரண்டு வாரம்.

உங்களுக்குக் கர்ப்பப்பை எடுத்த பிறகு வந்த தொல்லை. எனக்கு ஏன் வந்ததென்று யாருக்கும் தெரியவில்லை. ஹைதராபாத்தின் ஒரு கோடியில், உப்பலில் கம்பெனி பஸ் ஏறினால் அலுவலகம் இருக்கும் கச்சிபௌலிக்கு ஒன்றரை மணி நேரம். பாதி வழியில், அமீர்பேட்டிலேயே தாங்க முடியாமல் இறங்கி, ஏதாவது ஓட்டலில் வேண்டாத இட்லிக்குச் சொல்லிவிட்டு, கழிவறை எங்கே என்று கேட்பேன். தினமும் தாமதம். இனியும் இப்படி வந்தால் வேலையை உறுதி செய்ய மாட்டோம் என்று கடிதம் கொடுத்துவிட்டார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். இதனால்தான் வேலை போயிற்று என்று அப்பாவிடம் எந்த வாயால் சொல்வேன்?

நான்கு வாரமாகியும் மாற்றமில்லை. அன்றும் சிஸ்டர் பெட்டியின் திருகைத் திருப்பியபடி, "தெலுஸ்தோந்தா அம்மா?" என்றார். தெரிகிறது என்று தலையாட்டினேன். அவர் நகர்ந்ததும் நீங்கள் எட்டி என் காலை மூடியிருந்த துப்பட்டாவை விலக்கினீர்கள்.

"எதுக்கு மூடி வெச்சிருக்கே?"

"பித்தவெடிப்பு அக்கா. அசிங்கமா இருக்கும்."

"அது கெடக்கட்டும். கட்டைவிரல் அசையவே இல்லையே! என்னுது பாரு, எப்படித் துடிக்குது. உள்ளங்கால்ல ஜிவ்வுன்னு ஏறுதா?"

"இல்ல. ஊசி குத்தின எடத்துல மட்டும் சுருக்குன்னு இருக்கு."

"அப்ப ஏன்டி தலையாட்டினே?"

"அவங்க வேற வேலையா இருந்தாங்க…"

குஷாய்குடா ஃபேக்டரியில் இருபது வருஷம் டெஸ்டிங் பிரிவில் இருந்தவரல்லவா நீங்கள்! "மீட்டர்ல முள்ளு ஆடாம ஓகேன்னு டிக் போட்டா எங்க சூப்பர்வைசர் கேட்டுக்கு வெளிய நிறுத்திடுவார்" என்றவர், அடுத்த நொடி கிளினிக் முழுக்கக் கேட்கும்படி, "சிஸ்டர்! இந்தப் பொண்ணுக்குக் கரண்ட்டே போகல!" என்றீர்கள். கூசிப்போனேன். சிஸ்டர் ஊசியைக் கொஞ்சம் தள்ளிக் குத்தித் திருகினார். யாரோ கயிறு கட்டி இழுப்பதுபோல் கட்டைவிரல் தானாக மடங்கியது. "ஹவ்! இப்ப வந்துது பாரு ரீடிங்!"

நீங்களும் லேசுப்பட்டவரில்லை. எதை எத்தனை முறை குடித்தோம், எத்தனை முறை போனோம் என்று எழுதிவர ஆளுக்கொரு நோட்டு கொடுத்திருந்தார்களே, அதில் தினமும் "டீ இரண்டு" என்றிருக்கும். காத்திருக்கும்போதே ஃபிளாஸ்கிலிருந்து மூன்று கப் குடிப்பீர்கள். "முள்ளு ஆடாமலே டிக்கா அக்கா?" என்றேன் ஒருநாள். ஹைதராபாத் வந்து நான் அடித்த முதல் கிண்டல் அது. "போடி!" என்று இரண்டை அடித்து ஐந்தாக்கினீர்கள்.

பத்தாவது வாரம் பஸ் ஏதோ நெரிசலில் வெகுநேரம் நின்றது. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தவளுக்குச் சட்டென்று உறைத்தது: அமீர்பேட் எப்போதோ போய்விட்டிருந்தது. அலுவலகப் படிக்கட்டிலிருந்தே உங்களுக்குப் போன் செய்தேன்.

"அக்கா, நான் எறங்கவே இல்ல."

"அழுவுறியா?"

"இல்ல."

"பொய்யி. நல்லா அழு. நான் டீ போட்டுக்கறேன். இதை நோட்டுல எழுத மாட்டேன்."

என் வேலை உறுதியானது. உங்கள் மகளின் கல்யாணத்தில் முகூர்த்தம் முடியும்வரை நீங்களும் எழுந்திருக்காமல் மணையருகே உட்கார்ந்திருந்தீர்கள். நான்தான் கடிகாரம் பார்த்தேன். அதற்கடுத்த வருடம், ஒரே நாளில், மாரடைப்பில் போய்விட்டீர்கள். உங்களிடம் சொல்லாமல் விட்டது எதுவுமில்லை என்பதில் எனக்கு இன்றும் ஒரு நிம்மதி.

போன ஞாயிறு அப்பா ஊரிலிருந்து வந்தார். என்ன தைரியமோ, ஊசி, பெட்டி, பஸ் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். தலை குனிந்து கேட்டவர், "எனக்கும் ஏழெட்டு வருஷமா அப்டித்தாம்மா. நீ பட்டம் வாங்கினப்போ அதனாலதான் வரல. பஸ்ல மூணு மணி நேரம்…" என்றார். கோட்டுசூட்டுக்காரர்கள் நடுவில் உட்காரக் கூச்சப்பட்டு வரவில்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன், அக்கா.

நாளை டாக்டரிடம் கூட்டிப் போகிறேன். அவருக்கு என்ன வைத்தியம் என்று பார்த்துச் சொல்லட்டும். எது கேட்டாலும் அப்பா தலையைத்தான் ஆட்டுவார். பக்கத்தில் நான் இருப்பேன்.