ஈ டிரைவில் இருந்தது

புதன், இரவு

அம்மாவின் ஆய்வேடு போய்விட்டது. நான்தான் அழித்தேன்.

எங்கள் பழைய கம்ப்யூட்டரில் இரண்டு டிஸ்க். ஒன்றில் அம்மா எழுதியதெல்லாம் இருக்கும், இன்னொன்று அடிக்கடி நின்றுபோகும். போன மாதமே நோட்டில் குறித்து வைத்திருந்தேன்: டி டிரைவ் அம்மாவுடையது, ஈ டிரைவ் கெட்டது. நேற்று தாம்பரம் கடை அண்ணா விண்டோஸை மறுபடி போட்டுத் தந்தார். அதில் டி, ஈ என்ற பெயர்கள் இரண்டு டிஸ்க்குக்கும் மாறிவிட்டன. இன்று பள்ளி விட்டு வந்ததும், கெட்டதைச் சுத்தமாக அழித்துச் சரிசெய்யலாம் என்று ஈயை பார்மட் செய்தேன். உள்ளே திறந்துகூடப் பார்க்கவில்லை. என் நோட்டைத்தான் பார்த்தேன்.

முடிந்த பிறகு டியைத் திறந்தால், அதில் ஆய்வேடு இல்லை. கடை அண்ணாவுக்குப் போன் செய்தேன்.

"குயிக் பார்மட்டா, ஃபுல்லா?"

"ஃபுல் அண்ணா. அதுதான் நல்லதுன்னு புக்ல போட்டிருந்துச்சு."

"குயிக்னா நானே எடுத்துக் குடுத்திருப்பேன். இவ்ளோ பொறுமையா அழிச்சா இன்னா பண்றது பாப்பா?"

மூன்று மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து, பச்சைக் கோடு நிறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊரப்பாக்கம் பள்ளியில் அம்மாவின் வேலை நிரந்தரமாக அந்த ஆய்வேடு வேண்டும். அதைக் கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். பென் டிரைவில் முதல் அத்தியாயம் மட்டும் இருக்கிறது.

அம்மா வீட்டுக்கு வந்ததும், "கம்ப்யூட்டர் சரியாயிடுச்சா?" என்று கேட்டாள்.

"ஆயிடுச்சும்மா." அது பொய்யில்லை. நன்றாகத்தான் ஓடுகிறது.

"நீ இல்லன்னா நான் என்னடி பண்ணுவேன்."

கடைசி அத்தியாயத்தை முடிக்க நாலரைக்கு அலாரம் வைத்துவிட்டுத் தூங்குகிறாள். இரண்டு முறை பக்கத்தில் போய் நின்றேன். இப்போது எழுப்பிச் சொன்னால் இந்தத் தூக்கமும் போய்விடும்.