எதிர்வீட்டில் வைத்த ஹால் டிக்கெட்

மார்ச் 14, வெள்ளி

காலை எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று. அரை நாள் பர்மிஷன் போட்டு வேலப்பன்சாவடி போய் யாழினியின் ஹால் டிக்கெட் வாங்கி வந்தேன். போனில் அனுப்ப மாட்டார்களாம். பெற்றோர் நேரில் வந்து, போட்டோ மேல் சீல் அடித்து வாங்க வேண்டுமாம். ஒரு சீலுக்கு இரண்டு பஸ், முக்கால் மணி நேர வரிசை. கம்பெனியில் சூப்பர்வைசர் வேறு: "உன் பொண்ணு இன்னா கலெக்டர் பரிட்சையா எழுதுது?" ஆறாம் கிளாஸ் சேர என்றேன். சிரித்தார். சிரிக்கட்டும், அவர் பிள்ளைகள் படித்து முடித்தாகிவிட்டது.

டிக்கெட்டின் பின்பக்கம் விதிகள்:
– சீல் உள்ள அசல் இல்லாமல் அனுமதி இல்லை.
– உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் பை. பென்சில் 2. ரப்பர் 1.
– தாய், தந்தை இருவரும் வர வேண்டும். வளாகத்துக்குள் செல்போன் கூடாது.

பத்து வயசுக் குழந்தைகள். என்ன, பேங்க்கைக் கொள்ளையடிக்கவா வருகிறார்கள்?

ஆனால் இது கிடைத்தாக வேண்டும். இப்போது படிக்கிற பள்ளியில் ஐந்தாவதோடு சரி. யாழினிக்கு இந்தப் பள்ளிதான் வேண்டும். ஒரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை ஒன்று விடாமல் கோச்சிங். போன வருஷம் கண்காட்சி நாளில் உள்ளே விட்டபோது மைக்ராஸ்கோப்பில் வெங்காயத் தோலைப் பார்த்துவிட்டு வந்தவள். அன்றிலிருந்து நான் வெங்காயம் உரித்தால் ஒரு தோலை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். "ஒண்ணுமே தெரியலம்மா" என்பாள்.

மார்ச் 15, சனி

பென்சில் சீவியாச்சு. இட்லி மாவு இருக்கு. இவர் வண்டிக்குப் பெட்ரோல் போடணும்.

சாயங்காலம் இவர் கடையிலிருந்து வந்ததும் நேராகக் காலண்டர் முன்னால் நின்றார். "அய்யய்யோ, நாளிக்கு அஷ்டமிடி!"

ஆவடியில் மெக்கானிக் கடை. ஸ்பானர் பிடிக்கிற கை. ஆனால் நாள் பார்க்காமல் ஒரு நட்டைக்கூடக் கழற்ற மாட்டார். அவர் குடும்பம் இதே நெமிலிச்சேரியில் நிலம் வைத்திருந்த காலத்துப் பழக்கம். நிலம் ஃபிளாட் ஆகிவிட்டது, பழக்கம் மட்டும் பாக்கி.

"பள்ளிக்கூடம் வெச்ச தேதிங்க. நாம என்ன பண்றது?"

"பரஸ்தானம் வெச்சிட்டா தீந்துது. இன்னிக்கு நல்ல நேரத்துல அவ பைய வேற ஊட்ல வெச்சிடலாம். இன்னிக்கே கெளம்பின கணக்கு."

அதற்கு ஒரு கர்ச்சீப் போதாதா என்றேன். போகிற காரியத்துக்கு முக்கியமான பொருள்தான் வைக்கணுமாம். ஹால் டிக்கெட்டோடு பையை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார். சுமதி வீடு. திருச்சிப் பக்கம், அவள் வீட்டுக்காரர் ஐ.டி. அவர்கள் பையன் தருணும் நாளைக்கு அதே பரிட்சை எழுதுகிறான்.

"காலைல கெளம்பறப்போ வாங்கிக்கிறோம்மா. நைட்ல தந்துடாதே, வெச்சது வீணாப்பூடும்."

"சரிங்கண்ணா, சாமி அலமாரில வச்சிடறேன்."

எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள் என்று இவர் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. நானும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

7.30: எதிர்வீடு பூட்டு. கோயிலுக்குப் போய்விட்டுப் பரிட்சைக்குப் போவதாக ஆறு மணிக்கே காரில் கிளம்பிவிட்டார்கள் என்றார் எங்கள் ஃபிளாட் வாட்ச்மேன். சுமதிக்குப் போன் போட்டேன். பூட்டிய கதவுக்குள்ளேயே ரிங் போகிறது! வளாகத்துக்குள் செல்போன் கூடாதில்லையா, விதியை மதித்து வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள் மகராசி. அவள் வீட்டுக்காரர் நம்பர் எங்களிடம் இல்லை.

கதவில் காது வைத்து நின்றோம், மூன்று பேரும். எதற்கு நின்றோம் என்று தெரியவில்லை.

8.10: "அவுங்களே எடுத்துக்கினு போயிருப்பாங்க, வா" என்றார் இவர். மூன்று பேரும் ஒரே வண்டியில்.

9.15: பள்ளி வாசல். சர்வீஸ் ரோடு முழுக்கக் கார், ஆட்டோ, அம்மா அப்பாக்கள். நிழலுக்கு ஒரு மரம் இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை. ஒரு அம்மா நின்றபடியே பிள்ளைக்கு வாய்ப்பாடு கேட்கிறாள். பிள்ளை இட்லியும் கையுமாக அழுகிறது.

சுமதி கூட்டத்தில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. "அக்கா... ஆறு மணிக்கு எழுப்ப வேணாம், நானே எடுத்துட்டு வந்துடலாம்னு நினைச்சேன். அப்புறம் தருண் அழுத அழுகைல மறந்தே போச்சுக்கா." பை அவள் வீட்டுச் சாமி அலமாரியில். அவள் வீட்டுக்காரர் சாவியோடு காரை எடுத்துக்கொண்டு ஓடினார். நெமிலிச்சேரி போய் வர எப்படியும் ஒன்றரை மணி நேரம்.

9.40: மேஜை போட்டு ஒரு ஆள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் மைக். "அசல் இல்லாம அனுமதி இல்லம்மா. ரூல் ரூல்தான்." அவர் முன்னால் இருந்த பட்டியலில் யாழினியின் பேர், நம்பர், போட்டோ. காட்டினேன். "அது ஆபீஸ் காப்பி."

பின்னாலிருந்து ஒருவர்: "தள்ளும்மா, எங்க கொழந்தைக்கு லேட்டாவுது."

10.00: மணி அடித்தது. கேட் மூடினார்கள். யாழினி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

10.25: ஒரு பெரிய கார் வந்தது. ஒரு பையன் இறங்கினான். டிக்கெட்டைக் காட்டினான், கேட் திறந்தது. ஒரு கேள்வி இல்லை. அந்த நிமிஷம் எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. கேட்டுக்குள் காலை வைத்துக்கொண்டு நகரமாட்டேன் என்றேன். பள்ளி வாட்ச்மேன் என் தோளைத் தொட வந்தார். "தொடாதே" என்றேன். இரண்டு மூன்று அம்மாக்கள் என் பக்கம் வந்து நின்றார்கள். ஒருத்தி, "ஏன்யா, போட்டோ கீதில்ல, கண்ணு இன்னா பொட்டையா?" என்றாள். அவள் நன்றாக இருக்கணும்.

10.35: ஒரு தாள் நீட்டினார்கள். 'எங்கள் கவனக்குறைவால் ஏற்பட்ட தாமதம். கூடுதல் நேரம் கேட்க மாட்டோம்.' எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா நீட்டிய பென்சிலை வாங்கிக்கொண்டு யாழினி ஓடினாள். தாளில் ஒரு கையெழுத்துக்குத்தான் இடம் இருந்தது. அந்தக் கவனக்குறைவுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு பக்கத்தில் நின்றார்.

எழுதிக் கொடுத்தால் வாயையும் கொடுத்தாகிவிட்டதா? ஆபீஸ் ஜன்னலுக்குப் போய்க் கத்தினேன். "அரை மணி நேரம் அவ போட்டோவயும் அவளயும் மாத்தி மாத்திப் பாத்துக்கினு இருந்தீங்களே, அந்த அரை மணி நேரத்தக் குடுங்க! கார்ல வந்த புள்ளகிட்ட எழுதி வாங்கினீங்களா?" ஜன்னலைச் சாத்திவிட்டார்கள். சாத்திய ஜன்னலைப் பார்த்தும் கத்தினேன்.

11.05: பை வந்து சேர்ந்தது. குங்குமம் வைத்திருந்தது. யார் வைத்ததோ.

12 மணிக்குப் பிள்ளைகளெல்லாம் வெளியே வந்தார்கள். யாழினியைக் காணோம். உயிரே போய்விட்டது. கடைசியாக வந்தாள். எப்படி எழுதினாய் என்றால், "எழுதினேன்." அவ்வளவுதான்.

மார்ச் 17, திங்கள்

தொண்டை கட்டிவிட்டது. வெந்நீர், உப்பு. கம்பெனியில் சைகையிலேயே காலம் தள்ளினேன்.

இவரோடு பேச்சில்லை. தோசையை டக்கென்று தட்டில் போட்டேன், புரிந்திருக்கும்.

சுமதி ரசம் கொடுத்தனுப்பினாள். திருப்பி அனுப்ப நினைத்தேன். யாழினி குடித்துவிட்டாள்.

மார்ச் 20, வியாழன்

மேகமூட்டம். புழுக்கம்.

11.20க்கு மெசேஜ். இடம் கிடைத்துவிட்டது!! கம்பெனி பாத்ரூமில் போய் அழுதேன். தருணுக்குக் கிடைக்கவில்லை. சந்தோஷத்தில் அது ஒரு முள்.

இவர் லட்டோடு வந்தார். வந்த வேகத்தில், "பாத்தியா? அஷ்டமிய ஜெயிச்சிட்டா! பரஸ்தானம் வெச்சதுக்குப் பலன் கீதா இல்லியா, சொல்லு!"

எனக்கு வந்த கோபத்தில் லட்டை வாயில் வைக்கவில்லை. பிள்ளையை வெயிலில் கம்பியைப் பிடித்து நிற்க வைத்த பரஸ்தானம். அதற்குப் பலனாம், அதற்கு லட்டாம்.

இவர் லட்டு டப்பாவோடு கீழே போனதும் யாழினி சமையலறைக்கு வந்தாள். "அம்மா, ஒண்ணு சொல்வேன், யார்கிட்டயும் சொல்லக்கூடாது. பரிட்ச ஹால்ல உன் சத்தம் கேட்டுச்சு. ஃபுல்லா கேட்டுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. மிஸ் 'இது யாரோட அம்மா?'ன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"கையத் தூக்கினேன். அப்புறம் எல்லாரும் போனதும் நான் பேப்பர் குடுக்கப் போனேன். மிஸ் கதவச் சாத்திட்டு, 'உக்காரு, மிச்சத்த எழுது'ன்னாங்க. கணக்கு மூணும் அப்பதாம்மா போட்டேன். வெளிய சொல்லாதே, எனக்கு வேல போயிடும்னாங்க."

அந்த மிஸ் பேர்கூட இவளுக்குத் தெரியவில்லை. நீலச் சேலையாம்.

யாரிடமும் சொல்ல முடியாது. இவரிடம் சொன்னால் நாளைக்கே கடைக்கு வருகிற வண்டிக்கெல்லாம் தெரிந்துவிடும். ஆகவே இங்கே மட்டும்.

மார்ச் 21, வெள்ளி

வேலை முடிந்து வந்தால் எதிர்வீட்டு வாசலில் இவர் பிரசங்கம். பரஸ்தானம் என்றால் என்ன, எந்தத் திதிக்கு எப்படி, வைத்தால் என்ன பலன். சுமதி கண் கொட்டாமல் கேட்கிறாள். வாயைத் திறக்க முடியவில்லை. நீலச் சேலையை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஏழு மணிக்குச் சுமதி வந்தாள். கையில் பிளாஸ்டிக் பை. பென்சில் இரண்டு, ரப்பர், ஹால் டிக்கெட்.

"அக்கா, தருணுக்கு நாளைக்குக் குமணன்சாவடில இன்னொரு ஸ்கூல் பரிட்சை. அண்ணன் சொன்னாங்க. உங்க வீட்டுல வச்சுக்கிறீங்களா? காலைல வாங்கிக்கிறேன்."

வேண்டாம் என்று வாய் வரை வந்தது. அவள் கண்ணைப் பார்த்து வாங்கிக்கொண்டேன். கேட்டேன்: "எத்தனை மணிக்குக் கெளம்புறே?" ஆறு என்றாள்.

ஐந்து மணிக்கு அலாரம் வைத்தாச்சு. அவள் வீட்டுக் கதவைத் தட்டி, பையை அவள் கையில் திணித்துவிட்டுத்தான் பல்லே தேய்ப்பேன்.