இடம் இல்லை

அக்கா,

அம்மா இப்போதுதான் தூங்கினாள். சமையலறை விளக்கு வெளிச்சத்தில் அவளுக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு வேலை போனதிலிருந்து பிறர் வீட்டுக் குழந்தைகள் மூன்று பேரை நம் வீட்டில் வைத்துக் காசுக்குப் பார்த்துக்கொள்கிறோம். மாலையில் அவள் டியூஷன் எடுக்கப் போய்விடுவாள், குழந்தைகள் என்னிடம். இது அவர்களுடைய பெற்றோருக்குத் தெரியக்கூடாது என்று போனையும் விட்டுப்போவாள். அம்மா குரலில் நான்தான் பேசுவேன்.

இன்று கைக்குழந்தை வாந்தி எடுத்து வீறிட்டபோது போனில் ஒருவர் கூப்பிட்டார். "மேடம், அந்த இடம் விஷயமா பேசறேன்."

"இடமெல்லாம் ரொம்பிடுச்சுங்க. இருக்கற மூணுக்கே மூச்சு முட்டுது."

"நல்லா இருக்கே! வேலை கேட்டு அப்ளிகேஷன் போட்டது நீங்கதானே? அப்ப வேண்டாமா?"

குழந்தையைச் சேர்க்கக் கேட்கிறார் என்று நினைத்துவிட்டேன், சட்டென்று என் குரலுக்கு மாற முடியவில்லை அக்கா. "வேண்டாங்க" என்று பதற்றத்தில் சொல்லிவிட்டேன்.

"நாளைக்குப் பத்து மணி வரைக்கும் பார்ப்போம். அப்புறம் வேற ஆளுக்குக் குடுத்துடுவோம்" என்று வைத்துவிட்டார்.

அம்மா வந்ததும், "யாராச்சும் கூப்பிட்டாங்களாடி?" என்றாள். இல்லை என்று தலையாட்டினேன். "அவங்களுக்கு என் ஞாபகம் எங்க வரப்போகுது!" என்று சிரித்தாள்.

எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. அதனால் இந்தக் கடிதத்தை உனக்கு அனுப்பப்போவதில்லை. அம்மாவின் மூக்குக்கண்ணாடிக்கு அடியில் வைக்கிறேன். விடிந்ததும் அவள் கை முதலில் அங்கேதான் போகும்.

உன் தங்கை