பலெர்மோவில் விழுந்த கூரை

மே 5, திங்கள். கிரவீன், சிட்னி.

காலையில் இருந்து மழை. பெட்டி கட்டல். நாளைக்கு விமானம். மெல்பேர்னில் இருந்து மகள், டிக்கெட் எடுத்தவள், அழைப்பு: "அப்பா, ப்ளீஸ், ஜஸ்ட் கோ." இவர் "ஓம்" என்றார். கவுன்சிலில் கட்டடம் பரிசோதிக்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்று ஆறு மாதம். அன்றிலிருந்து நாள் முழுக்க ஒரே கதிரையில் இருப்புத்தான், எதைக் கேட்டாலும் அந்த "ஓம்"தான். எனக்குப் பயமாக இருக்கிறது.

பெட்டிக்குள் டோர்ச் ஏன்? "சும்மா இருக்கட்டும்."

மே 9, வெள்ளி. பலெர்மோ, சிசிலி.

நல்ல வெயில். என் பட்டியல்: பேராலயம், மியூசியம், சந்தை. வெள்ளிக்கிழமை, ஆகவே மரக்கறி மட்டும்.

பேராலயத்தில் ஒரு பக்கம் அரபு வளைவு, மறுபக்கம் கோட்டைக் கோபுரம், மேலே பிறகு யாரோ வைத்த டோம். "ஆளாளுக்கு அப்ரூவல் இல்லாமல் கட்டியிருக்கிறாங்கள்" என்றார். ஆறு மாதத்தில் முதல் முழு வாக்கியம்.

பதினொரு மணி. பழைய மாளிகை ஒன்று, இப்போது சின்ன மியூசியம். நான் பூப்போட்ட தரை ஓடுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் ஆளைக் காணோம். அடுத்த மண்டபத்தில் ஒரே சத்தம். இவர் தரையில் மல்லாந்து படுத்து, கூரை ஓவியத்துக்கு டோர்ச் அடிக்கிறார். காவலுக்கு நின்ற பருத்த அம்மா இத்தாலியனில் கத்துகிறா. இவர் தமிழில்: "கொஞ்சம் பொறுங்கோ அம்மா. இது இண்டைக்கு விழும்."

மானம் போனது. இவரை யாரென்றே தெரியாதவள் போல ஒரு சிலையை உற்றுப் பார்த்தேன்.

அப்போது பார்த்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு கூட்டம். இவர் எழும்பி ஓடி, வாசலில் கை இரண்டையும் விரித்து நின்றார். ஒருவரையும் விடவில்லை. மேலாளர் வந்தார். "நீங்கள் யார்?" என்று ஆங்கிலத்தில். "பில்டிங் இன்ஸ்பெக்டர், சிட்னி." ஓய்வு பெற்றதைச் சொல்லவில்லை. மேலாளர் அண்ணாந்து பார்த்தார். மேலிருந்து அவர் போட்டிருந்த கோட்டில் வெள்ளைத் தூள் கொட்டியது. மண்டபத்தைப் பூட்டினார்கள்.

இருபது நிமிடத்தில் உள்ளே தொம்மென்று சத்தம். ஓவியத்தில் இருந்த குண்டுக் குட்டித் தேவதை ஒன்றின் பின்பக்கம் முழுதாகச் சாந்தோடு பெயர்ந்து விழுந்து கிடந்தது.

காவல் அம்மா, பெயர் ரோசா, இவரைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம். இவர் பலகை மாதிரி நின்றார். காது சிவப்பு.

பிறகு எங்களைச் சந்தைக்கு இழுத்துப்போனதும் ரோசாதான். பேக்கரியில் வெதுப்பிய வட்டப் பாணுக்குள் கடலை மாப் பொரியல், அருமை. அடுத்து இன்னொரு பாண், கறுப்பாக ஏதோ. "நல்ல காளான்" என்று இவர் இரண்டு சாப்பிட்டார். அது என்னவென்று நான் ரோசாவிடம் சைகையில் கேட்டேன். தன் இடப்பக்க விலாவைத் தட்டிவிட்டு "மூ" என்றா.

மாட்டு மண்ணீரல். இவரிடம் சொல்லவில்லை.

மே 10, சனி.

மேகம். மியூசியத்தில் இருந்து அழைப்பு. மற்றக் கூரைகளையும் ஒருக்காப் பார்த்துத் தர முடியுமா என்று. இன்று நாங்கள் கடலுக்குப் போவதாக இருந்தது.

"நீர் கடலுக்குப் போயிட்டு வாருமன். நான் பின்னேரம் வாறன்."

சட்டையைத் தானே அயர்ன் பண்ணினார். தலை வாரினார். படியில் இறங்கும்போது விசில்.

தனியாகக் கடற்கரை. கோபப்படத்தான் நினைத்தேன்; அந்த விசிலை நினைக்க, கோபம் வரவில்லை. இங்கே ஐஸ்கிரீமையும் பாணுக்குள் வைத்துத்தான் தருகிறார்கள். ஒருவருக்கும் பங்கு வைக்காமல் முழுவதையும் தின்று முடித்தேன்.