நீலாவதி என் வீட்டில் இருந்த நாட்கள்

1982 நவம்பர் 3

மகளிர் நலக் குழுக் கூட்டம் மூன்று மணிக்கு என்று அறிவித்திருந்தேன். சாந்தம்மாள் நான்கு மணிக்கு வந்தாள். தலைமையாசிரியையே இப்படி என்றால் பிள்ளைகளை என்ன சொல்வது?

கலையும் நேரத்தில் மலைக்காரப் பெண் ஒருத்தி தன் மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து நின்றாள். பெயர் செல்லியம்மாள். கணவன் இல்லை. மகள் நீலாவதிக்கு வயது பதினைந்து. கொழுந்தன்மார் சேர்ந்து அவளைத் தசரதனுக்குப் பேசி வெற்றிலை மாற்றிவிட்டார்களாம். புளிய மரங்களைக் குத்தகைக்கு எடுக்கிறவன். அவனுடைய முதல் மனைவி கிணற்றில் கிடந்தாள். எப்படி விழுந்தாள் என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

“தாலி ஏறதுக்குள்ள நீங்க வச்சிக்கங்கம்மா. எங்கூட்ல இருந்தா தூக்கிக்கினு பூடுவாங்க.”

பதினெட்டு வயதுக்கு முன் பெண்ணுக்குக் கல்யாணம் செய்வது குற்றம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவள் பார்வை நன்றி சொல்கிற பார்வையாக இல்லை.

பெண் என் வீட்டில் இருக்கிறாள். தலையணை வேண்டாம் என்கிறாள்.

நவம்பர் 5

தசரதனுக்கும் ஊர்க்கவுண்டருக்கும் குழுவின் பெயரில் நோட்டீஸ் அனுப்பினேன். சட்டம், அபராதம், சிறை எல்லாம் தெளிவாக. ஓர் அடித்தல் கிடையாது.

நவம்பர் 8

எதிரே டீக்கடைப் பலகையில் காலையிலிருந்து தசரதன். வெளுத்த வேட்டி. டீ குடிக்கவில்லை. நேரே போய், இங்கே உனக்கு என்ன வேலை என்று கேட்டேன். எழுந்து கும்பிட்டான்.

“ஒண்ணும் இல்லீங்கம்மா. என் பொருளு உங்கூட்ல கீது. பத்திரமா கீதான்னு பாத்துக்கினு கீறேன்.”

“பூட்டு நல்ல பூட்டாம்மா?” என்றான் டீக்கடைக்காரன். பலகையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

பொருள் — ஒரு பெண்ணைப் பொருள் என்கிறான். என் கணவர் தாசில்தாராக இருந்தபோது இவனெல்லாம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றவன். திரும்பி வந்து வாசல் பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். வயதுதான் காரணம்.

நவம்பர் 12

செல்லியம்மாள் வீட்டு வாசலில் தழை போட்டுவிட்டார்கள்.

கவுண்டர் ஒரு கொத்துத் தழையை ஒடித்து வாசலின் குறுக்கே வைத்தால், அந்த வீட்டுக்கு ஊரில் நெருப்பு இல்லை, தண்ணீர் இல்லை, பேச்சு இல்லை. பேசுகிறவன் வாசலுக்கும் தழை வரும். சாமை அறுக்கும் நேரம் இது. முறை வைத்து ஒருவர் கொல்லையை மற்றவர் அறுத்துக் கொடுப்பார்கள். அவள் கொல்லைக்கு ஒருவரும் வரவில்லை.

நோட்டீஸ் அனுப்பியது நான். பதில் அவள் வாசலுக்குப் போயிருக்கிறது.

நவம்பர் 13

கவுண்டரைப் பார்க்கப் போனேன். சாந்தம்மாளும் வந்தாள், முணுமுணுத்துக்கொண்டே. மரியாதைக்குக் குறைவில்லை, முக்காலி போட்டார். சட்டத்தை எடுத்துச் சொன்னேன். முழுக்கக் கேட்டார்.

“சட்டம் இருக்கட்டுங்க. மாத்துன வெத்தில மாத்துனதுதான். யாராச்சும் ஒருத்தரு செத்தாத்தான் அது முறியும்.”

மிரட்டலா என்று கேட்டேன். “இன்னாம்மா இப்பிடிச் சொல்றீங்க, மொறைய சொன்னேன்” என்றார். குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் நிம்மதியாக வந்திருப்பேன்.

வரும் வழியில் செல்லியம்மாள் கொல்லையில் தனியாகக் குனிந்து அறுத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. பாதிக் கதிரைப் பன்றி உழக்கிவிட்டிருந்தது.

நவம்பர் 15

ஓட்டின் மேல் கல் விழுந்தது. குரங்கு என்று நீலாவதியிடம் சொன்னேன்.

“கொரங்கு கல்லு போடாதும்மா” என்றாள். சிறிது நேரம் கழித்து, “நான் பூடட்டுமா? எங்கம்மா ஒண்டியா அறுக்குது.”

வாயை மூடிக்கொண்டு கைக்குட்டை விளிம்பைத் தை என்று அதட்டினேன். தைத்தாள். கோணல். பிரிக்கச் சொல்ல மனம் வரவில்லை.

நவம்பர் 16

சாந்தம்மாள் குழுவிலிருந்து விலகுவதாகக் கடிதம். எழுத்துப்பிழைகளோடு.

நவம்பர் 17

முதல் பஸ்ஸில் நீலாவதியை அழைத்துக்கொண்டு வேலூர் போய்ப் பெண்கள் விடுதியில் சேர்த்தேன். காவலுக்கு ஒரு கிழவர், ஒரு நாதாங்கி.

தசரதன் அதே பஸ்ஸில் ஏறினான். போளூரில் நாங்கள் மாறிய பஸ்ஸிலும் பின் இருக்கையில் இருந்தான். விடுதியிலிருந்து நான் வெளியே வந்தபோது எதிர்ப்புறம் நின்று கும்பிட்டான்.

“எடம் பாத்துக்கினேன். சந்தோசம்மா.”

எங்கே கொண்டுபோய் வைத்தாலும் பின்னால் வருவான். எத்தனை நாளைக்கு? எனக்கு அறுபத்தெட்டு வயது.

நவம்பர் 19

செல்லியம்மாள் என் வீட்டுக்குப் பின்புறமாக வந்தாள். உட்காரவில்லை.

“ஞாயித்துக்கெழம எம்பொண்ணுக்குக் கருமாதி. வந்துடுங்கம்மா.”

எனக்குப் புரிய நேரம் பிடித்தது.

“மவ எனக்குச் செத்துட்டா, கருமாதி போடறேன், தழைய எடுங்கன்னு கவுண்டர் கையில சொன்னேன். ஒத்துக்கினாரு. செத்தவளுக்கு வெத்தில ஏதும்மா? தசரதன் ஊரோட குந்தித் துன்னுட்டான்னா, அப்பறம் அவள கேக்க வாய் இல்ல. எழுந்து போனா தழ அவன் வாசலுக்கு வரும்.”

இது காட்டுமிராண்டித்தனம் என்றேன்.

“ஆமாங்க.”

அப்புறம் அவள் ஊருக்குத் திரும்ப முடியாதே என்றேன்.

“செத்தவ எப்பிடிம்மா வருவா?” என்றாள். “நீங்களும் குந்தித் துன்னணும். வச்சிக்கினு இருந்தவங்க நீங்க. நீங்க துன்னாத்தான் அது நெசம்.”

போகமாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன். உயிரோடு இருக்கிற குழந்தைக்கு!

நவம்பர் 21

போனேன்.

வாசலில் தழை இல்லை. குளித்துத் தலைமுழுகிய ஈரத்தோடு ஊரே பந்தியில் இருந்தது. தசரதன் எனக்கு நேர் எதிரே. சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு. அவன் இலையில் கை வைக்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கவுண்டரும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவரும் தொடங்கவில்லை.

நான் படித்த கான்வென்ட்டில் பொய் சொன்ன நாக்கை உப்பால் தேய்க்கச் சொல்வார்கள். பிசைந்தேன். முதல் கவளத்தை வாயில் வைத்தேன். பிறகு எல்லாரும் உண்டார்கள். தசரதன் கடைசியாக.

செல்லியம்மாள்தான் பரிமாறினாள். அழவில்லை. என் இலைக்கு முன் குனிந்தபோது, பக்கத்தில் இருந்தவருக்குக்கூடக் கேட்காத குரலில், “ராத்திரியில போத்திக்க அதுக்குக் கம்பளி கீதாம்மா?” என்றாள்.

இருக்கிறது என்று தலையை அசைத்தேன்.

நாளை வேலூர் போய் ஒன்று வாங்க வேண்டும்.