வளர்ந்தாலும் பாவிக்கலாம் என்று வாங்கிய அயன்கள்

என்ரை இஞ்சருங்கோ,

இருக்கும்போதே உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, இப்போது மட்டும் எப்படி வரும்? முதலில் உங்களோடு சண்டை பிடிக்க வேண்டும். அழுகை பிறகு.

துபாயில் கோல்ஃப் திடலில் புல்லு வெட்டுகிற மனுசன், கடைசி லீவில் வரும்போது பிள்ளைக்கு ஒரு நல்ல சட்டை கொண்டுவந்திருக்கலாம். நீங்கள் பை நிறைய, கோல்ஃப் பந்தடிக்கிற இரும்பு மட்டை, அயன் கொண்டுவந்தீர்கள். "உந்தப் பொல்லுகளை வைச்சு என்ன செய்யிறது?" என்று கேட்டேன். "பொல்லில்லையப்பா, அயன். பெரிய ஆட்டக்காரர் பாவிக்கிறது" என்று சிரித்தீர்கள். நீளமெல்லே என்றதற்கு, "வளருற பிள்ளைதானே, வளர்ந்தாலும் பாவிக்கலாம்" என்றீர்கள்.

பள்ளிக்கூடச் சட்டைக்கு மடிப்பு வைத்துத் தைக்கிற புத்தி நமக்கு எங்கே போனாலும் போகாது. அயனுக்கு மடிப்பு வைக்க முடியுமா, சொல்லுங்கோ?

பிறகு உங்களைப் பெட்டியில்தான் கொண்டுவந்தார்கள். நெஞ்சுவலி வந்ததென்றார்கள். நோகுது என்று எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கக்கூடாதா?

துளசிக்கு இப்போது பதினைந்து வயது. நெல்லியடியில் பள்ளிக்கூடம் விட்டதும் வல்லை வெளிக்குப் போய், மாடுகளுக்கு நடுவில் தனியாக அடித்து அடித்து நன்றாகத் தேறிவிட்டாள். கொழும்பில் இளம் ஆட்டக்காரருக்கு நடந்த பயிற்சிக்கு அவளையும் கூப்பிட்டார்கள். போன கிழமை கூட்டிக்கொண்டு போனேன்.

பயிற்சி கொடுக்கிற அம்மா இவள் அடிப்பதைப் பார்த்துவிட்டு, கிட்ட வந்து கையைப் பிடித்தா. மணிக்கட்டு வீங்கியிருந்தது. பெற்றவள் எனக்கே மறைத்திருக்கிறாள், கள்ளி! "கை நல்ல கை. அயன்தான் பிழை" என்று அந்த அம்மா சொன்னா. நீளமும் பாரமும் இவளுக்குக் கூடவாம். உங்கள் அயன் மெல்லிசு, ஒவ்வொரு முறையும் நட்டநடுவில் அடிக்கிறவர்களுக்குத்தானாம். பழகி வருகிற பிள்ளைக்குப் பின்பக்கம் குழிந்த, முகம் அகலமான, பாரம் குறைந்த அயன் வேண்டுமாம். கொஞ்சம் விலகிப் பட்டாலும் பந்து போகுமாம். நாலைந்து எடுத்து வைத்து, அடித்துப் பார்த்துத் தெரிவுசெய் என்றா.

எடுத்துப் பாரன் என்றேன், இவள் தொடவே மாட்டேன் என்றுவிட்டாள். "அப்பா பிழையா வாங்கினவர் எண்டு எல்லாருக்கும் முன்னாலை சொல்லுறியளோ?" என்று என்மேல் பாய்ந்தாள்.

எனக்கும் வந்ததே கோபம்! "ஓம், பிழையாத்தான் வாங்கினவர். கொப்பருக்கு உன்னை வளர்ந்த பெட்டையாப் பாக்க ஆசை. அதுக்குள்ளை போயிட்டார். நீ கையை முறிச்சுப்போட்டு ஆருக்கு விளையாடப்போறாய்?" சொன்ன பிறகு என் வாயில் நானே அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

கொஞ்ச நேரம் தேம்பினாள். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து அடித்துப் பார்த்தாள். இரண்டை வேண்டாமென்று வைத்தாள். அடுத்ததில் பந்து நேரே எழும்பிப் போனது, சத்தமே வேறு. பிள்ளையின் முகம் முழுக்கச் சிரிப்பு. அப்படியே பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

அந்தக் கடைசி லீவு முழுக்க அவள் அடிக்கும்போது நீங்கள் பின்னால்தானே நிற்பீர்கள், "சோக்கான அடி!" என்று கத்திக்கொண்டு. அங்கே ஒருவரும் இல்லை. நான் பக்கத்து வாங்கில் குந்தியிருந்தேன். அந்தச் சிரிப்பு போன விதத்தை உங்களுக்கு எப்படி எழுதுவேன்?

ஓடிவந்து என்னைக் கட்டிப் பிடித்தாள். "அம்மா, இது நல்லா இருக்கு. நல்லா இருக்கெண்டு சொல்ல எனக்குப் பாவமாக் கிடக்கு" என்றாள். இரண்டு பேரும் வெட்கமில்லாமல் எல்லோருக்கும் முன்னால் அழுதோம். அதையேதான் தெரிவுசெய்தாள்.

அடுத்த மாதம் தெரிவுப் போட்டி. எனக்கு இந்த விளையாட்டில் ஒரு மண்ணும் தெரியாது. ஆனாலும் அன்றைக்கு வாங்கில் இருக்க மாட்டேன். உங்கள் இடத்தில் போய் நிற்பேன். அவள் தேடப்போவது உங்களைத்தான், என்னை இல்லை. எனக்குத் தெரியும், பரவாயில்லை. திரும்புகிற பிள்ளைக்கு அங்கே ஒரு முகம் இருக்கும். சந்நிதி முருகன் மேல் சத்தியம்.

துளசியின் அம்மா,
உங்கடை மனுசி
வசந்தா